கேற்றடியில் நின்றவர்

தகவல் கொடுப்பதற்கென்றே ரயில் திணைக்களத்தில் சம்பளம் வாங்குகிற மனிதர், மூன்று வருடமாகத் தகவல் கொடுக்காமல் இருப்பதற்கே முழுமூச்சாக உழைத்துவிட்டு, இன்றைக்கு ஏதோ தன் வீட்டு முற்றத்து மாம்பழத்தைத் தருகிறவர் போல ஓர் உறையை மேசைக்கு மேலால் தள்ளினார்.

“இந்தாங்கோ தங்கச்சி. தகவல் ஆணைக்குழு சொன்னபடியால் தாறம். ஆனா உதிலை ஒண்டுமில்லை. மணி வேலை செய்தது எண்டுதான் கிடக்கு. உங்கடை தம்பிக்கு உது உதவாது.”

“ஒண்டுமில்லாததை ஏன் இவ்வளவு காலம் ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?” என்று கேட்டாள் உதயகலா.

அவர் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். மூன்று வருடமாகக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அந்த விசிறியைத்தான் பார்த்திருக்கிறார். உதயகலா உறையை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நன்றி சொல்லாமல் வெளியே வந்தாள். யாருக்கு நன்றி, எதற்கு நன்றி?

கேட்டது பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. கொடிகாமத்துக்கும் மீசாலைக்கும் இடையில் ஒரு ரயில் கடவை. அந்தக் கடவையில் ஒரு குறிப்பிட்ட நாளில் எச்சரிக்கை மணியும் சிவப்பு விளக்கும் வேலை செய்தனவா, யார் அதைப் பரிசோதித்தார், எப்போது பரிசோதித்தார் என்ற பதிவு. அவ்வளவுதான். முதல் விண்ணப்பத்துக்குச் சிங்களத்தில் பதில் வந்தது. தமிழில் தாருங்கள் என்று எழுதினால், அப்படி ஒரு பதிவே இல்லை என்று தமிழில் வந்தது. இல்லையென்றால் இல்லையென்று சத்தியக் கடதாசியில் தாருங்கள் என்றாள். உடனே பதிவு இருக்கிறது, ஆனால் தேடவேண்டும் என்றார்கள். தேடி முடிந்ததா என்று கேட்டபோது, தேசிய பாதுகாப்புக் கருதித் தரமுடியாது என்று கைவிரித்தார்கள். ஓர் ஊர்க் கடவையில் மணி அடித்ததா இல்லையா என்பதில் தேசத்தின் பாதுகாப்புத் தொங்கிக்கொண்டிருந்ததாம். அந்தக் கடிதத்தை வாசித்த அன்றைக்கு உதயகலா தேநீர்க் கோப்பையைச் சுவரில் எறிந்து உடைத்தாள். பிறகு கூட்டி அள்ளினாள். பிறகு உட்கார்ந்து மேன்முறையீடு எழுதினாள்.

பஸ் நிலையத்து வாங்கில் இருந்து உறையைப் பிரித்தாள். உள்ளே ஒரே ஒரு தாளின் பிரதி. கிறுக்கல் எழுத்து. திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்து மருந்துக்கடையில் பத்து வருடமாக வைத்தியர்களின் கையெழுத்தோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு அது ஒரு பொருட்டில்லை. கடவையின் இலக்கம் சரி. திகதி சரி. ‘நேரில் சென்று பரிசோதித்தேன். மணி, விளக்கு இரண்டும் சீராக இயங்குகின்றன’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே சமிக்ஞைத் தொழினுட்ப உத்தியோகத்தர் கனகேஸ்வரனின் ஒப்பம். பக்கத்தில் பரிசோதித்த நேரம்: காலை பத்தே முக்கால்.

பத்தே முக்கால்.

அவள் மறுபடி வாசித்தாள். பத்தே முக்காலுக்குத்தான் ரயில் அடித்தது. பொலிஸ் அறிக்கையில் பத்தே முக்கால், சாரதியின் வாக்குமூலத்தில் பத்தே முக்கால், மரண விசாரணையிலும் அதே பத்தே முக்கால். நிவேதனா என்ற தாயும் கோபிகா என்ற அவளது ஏழு வயது மகளும் ஸ்கூட்டியோடு இழுபட்டுப்போன அதே நேரத்தில், அதே கடவையில், இந்த மனிதர் நேரில் நின்று மணியும் விளக்கும் சீராக இருக்கின்றன என்று எழுதிக்கொண்டிருந்தாராம்.

உதயகலா சத்தமாகச் சிரித்துவிட்டாள். பக்கத்தில் மரக்கறிப் பையோடு இருந்த பெண் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். சிரிப்பு வந்த வேகத்திலேயே நின்று, கோபம் கிளம்பி வந்தது. அவர் அங்கே நின்றவரென்றால் இரண்டு சடலங்களைத் தாண்டிப் போயா இதை எழுதினார்? அங்கே நிற்கவில்லையென்றால் இந்தத் தாள் பொய். அன்றைய திகதியிலேயே மேலிடத்து முத்திரை விழுந்த தாள் என்பதால் பிறகு திருத்தக் கை எட்டவில்லை. திருத்த முடியாததை ஒளித்தார்கள். இந்த ஒரு தாளுக்காகத்தான் அவளை மூன்று வருடம் பந்தாடினார்கள்.

அவளது தம்பி கஜீபன் அந்தக் கடவையில் கேற் காவலாளியாக இருந்தவன். சண்டைக்குப் பிறகு பாதையைப் புதிதாகப் போட்டபோது கடவைக்கு மணியும் விளக்கும் பூட்டினார்கள். மணி இரண்டு மாரி தாங்கியது. மூன்றாவது மாரியோடு ஊமையாகிவிட்டது. திருத்துவதற்குப் பதிலாக, இரும்புக் கம்பம் ஒன்றை நட்டு, ஏற்றி இறக்குவதற்கு நாட்கூலிக்கு ஊர்ப் பெடியனொருவனைப் பிடித்து நிறுத்தினார்கள். அவன்தான் கஜீபன். தகரக் கொட்டில் ஒன்று கொடுத்தார்கள். ரயில் வருகிறது என்று அவனுக்குச் சொல்வதற்கு மட்டும் ஒன்றும் கொடுக்கவில்லை. நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அட்டவணைப்படி ஓடுகிற ரயிலை அவன் ஒருநாளும் காணவில்லை.

அதனால் கேற் காவலாளிகள் தங்களுக்குள் ஒரு வழி செய்துகொண்டார்கள். கொடிகாமப் பக்கத்துக் கடவையில் நின்ற லூர்த்தம்மா, தன் கேற்றை இறக்கிய கையோடு கஜீபனுக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுப்பாள். அவன் தன் கேற்றை இறக்கிவிட்டு அடுத்த கடவைக்கு ஒன்று கொடுப்பான். எடுத்துக் கதைத்தால் காசு போகும். ரிங் போக வைத்துவிட்டால் ஒரு சதமும் போகாது. யாழ்ப்பாணத்துக்கு வருகிற குளிரூட்டிய ரயிலெல்லாம் தென்மராட்சிக்குள்ளால் இப்படி மிஸ்ட் கோலில்தான் ஓடியது. யன்னலோரம் இருந்து செல்பி எடுத்தவர்களுக்கு அது தெரியாது. திணைக்களத்துக்குத் தெரியும். தெரிந்தும், நல்லதாய்ப் போயிற்று, தங்களுக்குச் செலவில்லை என்று இருந்தார்கள்.

மிஸ்ட் கோலில் ஒரு குறைதான். எடுக்காத அழைப்பு எந்தக் கணக்கிலும் விழாது. பொலிசார் கஜீபனின் தொலைபேசிப் பதிவை எடுத்தபோது, லூர்த்தம்மாவின் அழைப்பு அதில் இருக்கவில்லை. இருந்தது ஒரே அழைப்பு. விபத்துக்குச் சற்று முன்னர் தொடங்கி, விபத்து நடக்கும்வரை நீண்ட அழைப்பு. அந்த சிம் பிரசாந்தி என்ற ஒரு பெண்ணின் பெயரில் பதிவாகியிருந்தது.

போதாதா ஊருக்கு? பெட்டையோடு கதைத்துக்கொண்டு நின்று கேற்றை இறக்க மறந்தவன். தாயையும் பிள்ளையையும் கொன்றவன். கேற் திறந்து கிடந்தபடியால்தானே நிவேதனா பயமில்லாமல் ஏறினாள் என்றார்கள். அது உண்மை. அதற்கு மேல் சொன்னதெல்லாம் வாய்க்கு வந்தபடி சொன்னது. உதயகலாவுக்குப் பேசி வந்த இரண்டு கலியாணமும் தம்பியின் பெயரோடு நின்றுபோயின. நிவேதனாவின் புருசன் பார்த்தீபன் ஒவ்வொரு தவணைக்கும் நீதிமன்றத்துக்கு வருவான். வாசலில் நின்று, கஜீபன் உள்ளே போகும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்பான்.

“ஆரோடையடா கதைச்சனீ?”

கஜீபன் தலையைக் குனிந்துகொண்டு போவான். ஒரு வருடமாக அக்காவுக்கும் சொல்லவில்லை. அடுத்த வருடம் கேற் காவலாளிகளில் சிலரை நிரந்தரமாக்கி ஒரு பட்டியல் வந்தது. அதில் அவன் பெயர் இல்லை. அன்றைக்குத்தான் வாய் திறந்தான். கதைத்தது கனகேஸ்வரன் ஐயாவோடு. அந்த சிம்மை அவர் யாரிடமோ வாங்கிப் பாவித்தவர். மாதமொருமுறை நேரில் வந்து மணியைச் சோதிக்கவேண்டியவர், கோப்பாயில் தன் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு போனில் கேட்டுத் தாளை நிரப்புகிறவர். விபத்து நடந்த அன்று பின்னேரமே அவனைக் கூப்பிட்டு, என் பெயரைச் சொல்லாதே, உன் பெயர் நிரந்தரப் பட்டியலில் போயிருக்கிறது என்றாராம். இவனும் நம்பினானாம்.

“மணி அடிக்குதோ எண்டு கேட்டவர். இல்லை ஐயா எண்டனான். கதைச்சுக்கொண்டு நிக்கேக்கை மிஸ்ட் கோல் வரேல்லை அக்கா. லைன் பிஸி எண்டால் எப்பிடி வரும்?”

அன்றைக்கு அவனை அடிக்கக் கை ஓங்கினாள். முப்பது வயது ஆளை எங்கே பார்த்து அடிப்பது? அப்பாவும் அம்மாவும் வன்னியிலிருந்து திரும்பி வராத வீட்டில் இவனை வளர்த்தவள் அவள். ஓங்கிய கையை இறக்கி முதல் விண்ணப்பத்தை எழுதினாள். அவள் பொலிசில் போய்ச் சொன்னதும், கனகேஸ்வரன் அப்படி ஓர் அழைப்பே எடுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மணி வேலை செய்ததென்றும், காவலாளிதான் கவலையீனம் என்றும் சாட்சி சொல்லவும் ஆயத்தமாக இருந்தார். மணி வேலை செய்தால் காவலாளியை ஏன் வைத்தீர்கள் என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்பதற்கு மூளை தேவையில்லை, மனம் இருந்தாலே போதும்.

லூர்த்தம்மாவும் பொலிசில் சொல்லிப் பார்த்தாள். உதயகலாவுக்கும் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

“மாதாவாணை நான் அடிச்சனான் பிள்ளை. ரிங் போனது. அவன் எடுக்கேல்லை. எடுக்கத் தேவையில்லைத்தானே, மிஸ்ட் கோலெல்லோ. ஆனா எனக்கு ஏதோ சரியில்லாத மாதிரிக் கிடந்தது. இன்னொருக்காலும் அடிச்சுப் பாத்தனான்.”

அவளது பழைய போனில் அந்த அழைப்புகள் எப்போதோ அழிந்துபோயிருந்தன. நிரூபிக்க வழியில்லை. கனகேஸ்வரனின் தாள் ஒன்றுதான் வழி.

அந்தத் தாளோடு உதயகலா நேரே சாவகச்சேரிக்குப் போய்ச் சட்டத்தரணி ஞானாம்பிகையின் மேசையில் வைத்தாள். ஞானாம்பிகை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள். வாசித்து முடித்ததும் கதிரையில் நிமிர்ந்தாள்.

“உவர் வாற வியாழக்கிழமை சாட்சிக்கு வாறார். மணி வேலை செய்தது எண்டு சொல்லத்தான் வாறார். வரட்டும். உந்த நேரத்தை மாத்திரம் நான் கேக்கிறன். நிண்டவர் எண்டால் எல்லாத்தையும் கண்டிருக்கவேணும். நிக்கேல்லை எண்டால் பொய் எழுதினவர். ரெண்டிலை எதைச் சொன்னாலும் ஆள் முடிஞ்சார்.”

“தம்பி?”

“தம்பி வெளியிலை வந்திடுவான். மணியும் இல்லை, மிஸ்ட் கோலும் வரேல்லை. அவன் என்ன, சாத்திரமோ பாக்கிறது? பனங்கூடலுக்குள்ளாலை வளைஞ்சு வாற லைன், சோழகக் காத்து வேறை எதிர்ப்பக்கமா அடிச்சது. சத்தமும் கேட்டிராது. நீங்கள் நிம்மதியாப் போய்ச் சமையுங்கோ.”

புதன்கிழமை பின்னேரம் உதயகலா வேளைக்கே வீட்டுக்கு வந்து புட்டு அவித்தாள். கொடிகாமத்தில் தேங்காய் உரிக்கப் போய்வருகிற கஜீபன் கை கழுவிவிட்டு வந்து இருந்தான். மூன்று வருடத்தில் இப்போதுதான் ஒரு சாப்பாட்டில் இரண்டாந்தரம் புட்டுக் கேட்டான். அவளும் சந்தோசமாகப் போட்டாள். நாளைக்கு இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும் என்று வாய்விட்டும் சொன்னாள்.

அவனுடைய போன் அடித்தது. பார்த்தான். சாப்பாட்டுக் கோப்பையை நிலத்தில் வைத்தான். எழும்பினான். எழும்பி நின்றுதான் போனைக் காதில் வைத்தான்.

“ஓம் ஐயா… ஓம் ஐயா… சாப்பிடேல்லை ஐயா, சொல்லுங்கோ.”

உதயகலா கையில் அகப்பையோடு அப்படியே நின்றாள். போனில் கதைப்பதற்கு எவனாவது எழும்பி நிற்பானா? கையில் புட்டு ஒட்டிக்கிடக்க சாப்பிடவில்லை என்று சொல்வானா? அந்தப் பக்கத்துக் குரல் அவளுக்கும் கேட்டது. சண்டைக் குரலல்ல. தன்மையான குரல். சொந்தக்காரரின் விசேசத்துக்கு வரச்சொல்கிறவர் கதைக்கிற மாதிரியான குரல்.

“கொக்காவுக்குச் சொல்லு தம்பி, உந்தப் பேப்பரை வைச்சு ஒண்டும் செய்யேலாது. நாளைக்கு நீ ஒத்துக்கொண்டியெண்டால் தண்டத்தோடை போயிடும். தண்டத்தை நான் பாக்கிறன். நான் உனக்கு எப்பவாவது கெடுதல் நினைச்சிருக்கிறனோ?”

“இல்லை ஐயா.”

“அப்ப சொல்லுறதைக் கேள். இன்னும் மூண்டு வரியத்திலை எனக்குப் பென்சன். இந்த வயசிலை என்னைக் கோட்டுக்கு…”

உதயகலா அகப்பையை எறிந்தாள். இரண்டு எட்டில் போய், தம்பியின் காதிலிருந்த போனைப் பறித்து, அழைப்பைத் துண்டித்தாள்.

“என்ன வேலையக்கா பாத்தனீ?” கஜீபன் கத்தினான். “ஐயா கதைச்சுக்கொண்டெல்லோ இருந்தவர். அவர் கதைச்சு முடிக்க முன்னம் வைக்கிறதோ?”

ஊர் கொலைகாரன் என்றபோது உயராத குரல். பார்த்தீபன் வாசலில் நின்று கேட்டபோது உயராத குரல். நிரந்தரப் பட்டியலில் பெயரில்லாமற் போனபோது உயராத குரல். அது இப்போதுதான் உயர்ந்தது, கனகேஸ்வரனின் கதை பாதியில் நின்றதற்காக. அவன் முகம் வெளிறிப் போயிருந்தது. திரும்ப எடுத்து மன்னிப்புக் கேட்பதற்குப் போனைத் தா என்று கையை நீட்டினான்.

உதயகலா கொடுக்கவில்லை. அவளுக்கு ஏதோ ஒன்று விளங்கத் தொடங்கியிருந்தது. விளங்கக்கூடாது என்று மனம் அடித்துக்கொண்டது.

“டேய். அண்டைக்கு மிஸ்ட் கோல் வந்ததோ?”

அவன் நீட்டிய கையை இறக்கினான்.

“லூர்த்தம்மாக்கா ரிங் போனது எண்டுதான் எப்பவும் சொல்லுறா. பிஸி எண்டு ஒருநாளும் சொல்லேல்லை. நான்தான் அவவுக்கு நினைவில்லை எண்டு நினைச்சனான். சொல்லு. வந்ததோ?”

“ஐயாவோடை கதைச்சுக்கொண்டு நிக்கேக்கை காதுக்குள்ளை பீப் எண்டு கேட்டது.”

“ஆரெண்டு பாத்தனியோ?”

“பாக்கத் தேவையில்லை. அந்த நேரத்திலை வேறை ஆர் எனக்கு அடிக்கிறது?”

“தெரிஞ்சுகொண்டோ நிண்டனீ?”

அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். பிறகு எல்லாம் வந்தது, இடைவெளி இல்லாமல், வாந்தி எடுக்கிறவனைப் போல.

“மணிக் கதை அப்பவே முடிஞ்சுதக்கா. சரி, நான் வந்து பாத்ததா எழுதுறன் எண்டிட்டார். வைப்பார் எண்டு பாத்தன், வைக்கேல்லை. உங்கடை பக்கத்துப் பலாப்பழம் எப்பிடி இந்த முறை எண்டு கேட்டார். நல்லம் ஐயா எண்டன். குழைஞ்ச கூழன் வேண்டாம், மனுசிக்கு ஒத்துக்கொள்ளாது, நல்ல வருக்கனாப் பாத்து ஒண்டு எடுத்து வை எண்டார். அப்பதான் பீப் கேட்டது. சொல்லி முடிக்கட்டும் எண்டு நிண்டன். அவர் சுளை எப்பிடி இருக்கவேணும் எண்டு சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொருக்கால் கேட்டது. ஒருக்காப் பொறுங்கோ ஐயா எண்டு சொல்ல வாய் உன்னினதக்கா. சத்தியமா உன்னினது. வரேல்லை. அவர் கதைச்சுக்கொண்டிருக்கேக்கை எப்பிடி வைக்கிறது? நிரந்தரமாக்கிறதுக்குப் பேர் குடுக்கிறவர் அவர்தானே. ஒரு கையாலை கேற்றை இறக்கப் பாத்தன். கயிறு சிக்கிப் போச்சு. அதுக்குள்ளை…”

அவன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

மூன்று வருடம். உதயகலாவின் விடுப்பெல்லாம் அலுவலகப் படிகளில் போயிற்று. வரேல்லை வரேல்லை என்று இவன் சொன்னதை நம்பி, அந்த விசிறியைப் பார்க்கிற மனிதருக்கு முன்னால் எத்தனை தரம் போய் நின்றாள். இவனைத் தூக்கி வெளியே எறியவேண்டும் போலிருந்தது. கோப்பாய்க்குப் போய் அந்த விறாந்தையில் வைத்தே அந்த மனிதரின் சட்டையைப் பிடிக்கவேண்டும் போலிருந்தது. ஒரு பலாப்பழம். வருக்கனா கூழனா. இவனைப் பயந்தவனாக வளர்த்தது யார்? பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே கதையாதே என்று இவனுக்குச் சொல்லிக் கொடுக்காத வீடு, பள்ளிக்கூடம், கந்தோர் எங்கேயாவது இருக்கிறதா? அந்தக் கோபத்தை எந்த அலுவலகத்துக்கு எழுதி அனுப்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

போன் அவள் கைக்குள் மறுபடி அடித்தது. கனகேஸ்வரன்தான். இருவரும் அதைப் பார்த்தார்கள். அடித்து ஓய்ந்தது.

“வைச்சிருக்கலாமோ, அக்கா?” என்று கஜீபன் கேட்டான்.

இல்லையடா, உன்னில் பிழையில்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் அதைத்தான் எதிர்பார்த்தான். மூன்று வருடமாக அவள் ஊருக்கெல்லாம் சொல்லிவந்ததும் அதுதான்.

“ஓமடா,” என்றாள் உதயகலா. “வைச்சிருக்கலாம்.”

மறுநாள் காலை நீதிமன்ற மரத்தடியில் ஞானாம்பிகை விசயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

“உதை ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ. பேப்பர் ஒண்டே காணும். அவர் பொய் எழுதினதை நான் காட்டுறன், நீர் விடுதலை. பீப் கேட்டது எண்டு வாய் திறந்தீரோ, தெரிஞ்சுகொண்டு நிண்டவர் ஆவீர். பிறகு என்னாலை ஒண்டும் செய்யேலாது. விளங்குதோ தம்பி?”

“விளங்குது மிஸ்.”

அவள் உதயகலாவைப் பார்த்தாள். நீங்களும் சொல்லுங்கோ என்ற பார்வை. உதயகலாவுக்குத் தம்பியைத் தெரியும். சொன்னால் தம்பி கேட்பான். யார் சத்தமாகச் சொன்னாலும் கேட்பான். அதுதான் அவனுக்கிருந்த நோயே. இந்த ஒரு நாளாவது ஒருவரும் சொல்லாததை அவன் செய்யட்டும் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அப்படி மூடிக்கொள்ள அவளுக்கு வலித்தது.

வாசலில் பார்த்தீபன் நின்றான். வழக்கமான இடம், வழக்கமான வெள்ளைச் சேட்.

“ஆரோடையடா கதைச்சனீ?”

கஜீபன் இந்தமுறை நின்றான். “உள்ளை சொல்லுறன் அண்ணை,” என்றான்.

கனகேஸ்வரன் சாட்சிக் கூண்டில் ஏறினார். திருநீறு, பேனை செருகிய சட்டைப் பை, நல்ல மரியாதையான தோற்றம். ஞானாம்பிகை தாளைக் காட்டினாள். ஒப்பம் தன்னுடையது என்றார். நேரில் போய்த்தான் சோதித்தேன் என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டாள். தாளில் இருக்கிறபடி என்றார். தாளில் இருப்பதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள்.

வாசிக்கத் தொடங்கியவர் நடுவில் நின்றார்.

“பத்தே முக்காலுக்குக் கேற்றடியில் நின்ற நீங்கள், தாயும் பிள்ளையும் அடிபட்டதைப் பார்த்தீர்களா?”

“நான்… அதுக்குக் கொஞ்சம் முந்தி வெளிக்கிட்டிட்டன்.”

“வெளிக்கிட்டு எந்தப் பக்கத்தால் போனீர்கள்? வழியில் அவர்களைக் காணவில்லையா? மணி சீராக அடித்ததென்றால், அடிக்கிற மணிக்குள்ளால் அந்தத் தாய் பிள்ளையோடு ஏறினாளா?”

அவர் கைலேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். நீதவான் தாளை வாங்கித் தானே வாசித்துவிட்டு, ஏதோ எழுதினார். ஞானாம்பிகை உதயகலாவைத் திரும்பிப் பார்த்துக் கண்ணால் சொன்னாள், முடிந்தது. மூன்று வருடமாக உதயகலா காத்திருந்த கணம் அதுதான். அவளுக்கு அது இனிக்கவில்லை.

எதிரியான கஜீபன் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று நீதவான் கேட்டார். இல்லை என்று சொல்ல ஞானாம்பிகை எழும்பினாள். அதற்குள் கஜீபன் கையை உயர்த்தினான்.

அவன் சொன்னான். மிஸ்ட் கோலைச் சொன்னான், கோப்பாய் விறாந்தையைச் சொன்னான், நிரந்தரப் பட்டியலைச் சொன்னான். பிரசாந்தி என்ற பெண்ணைத் தான் கண்டதே இல்லை என்றான். பலாப்பழத்தைச் சொன்னான். பீப் கேட்டதையும் மறைக்கவில்லை. ஞானாம்பிகை கண்களை மூடிக்கொண்டு கேட்டாள். சொல்லும்போது அவன் நீதவானைப் பார்க்கவில்லை. பார்த்தீபன் இருந்த வாங்கைப் பார்த்தே சொன்னான்.

“ரயில் வருகிறதென்று தெரிந்தும் ஏன் போனை வைக்கவில்லை?” என்று நீதவான் கேட்டார்.

“ஐயா கதைச்சுக்கொண்டிருந்தவர்,” என்றான் கஜீபன்.

அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. அதனால் என்ன என்று நீதவான் கேட்கவில்லை. பொலிஸ் பொறுப்பதிகாரி கேட்கவில்லை. நீதிமன்ற முதலியார் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். பின்வாங்கில் இருந்த ஒரு கிழவர் ‘ச்சு’ கொட்டினார். அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே சொல்லில் விளங்கிவிட்டது. அவர்களும் யாரோ ஓர் ஐயா கதைத்து முடிக்கட்டும் என்று எங்கேயோ நின்றவர்கள்தான். உதயகலாவுக்கு அந்த விளக்கத்தைக் கண்டுதான் பற்றி எரிந்தது. விளங்காதீர்கள் என்று கத்தவேண்டும் போலிருந்தது. இது விளங்குகிற விசயமா?

கனகேஸ்வரனைப் பொலிஸ் காவலில் எடுத்து விசாரிக்குமாறு நீதவான் கட்டளையிட்டார். கஜீபனுக்குத் தீர்ப்பு அடுத்த தவணை என்றார். தண்டனை தப்பாது என்று ஞானாம்பிகை கையால் காட்டினாள். கஜீபன் கூண்டில் நிமிர்ந்து நின்றான்.

பார்த்தீபன் எழும்பினான். அவன் கஜீபனையும் பார்க்கவில்லை, கனகேஸ்வரனையும் பார்க்கவில்லை. யாரைக் கேட்பதென்று தெரியாமல் நீதிமன்றத்தைச் சுற்றிப் பார்த்தான்.

“பலாப்பழமோ?” என்று கேட்டான்.

பொலிஸ்காரர் ஒருவர் அவனை இருக்கச் சொன்னார். அவன் இருக்கவில்லை.